அரை மாத்திரை டாக்டரின் முழு நாள்

அந்த டாக்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வாசல் பலகையில் இருக்கத்தான் செய்தது. வெயிலிலும் மழையிலும் எழுத்துகள் உதிர்ந்து, கடைசியில் படிப்பு மட்டும் மிஞ்சி, பெயர் காணாமல் போய்விட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட அவர் ‘அரை மாத்திரை’தான். எந்த வியாதியோடு போனாலும் அரை மாத்திரை எழுதுவார். “முழுசாப் போட்டா என்னங்க?” என்று கேட்டால், “மீதி அரையை உடம்பு பாத்துக்கும். அதுக்கும் ஏதாவது வேலை வேணாமா?” என்பார். மருந்துக்கடைக்காரர் அவர் பெயரைக் கேட்டாலே கல்லாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

மாத்திரையில் பாதி என்றால், வருமானத்தில் பாதிக்கும் கீழே. அதற்குக் காரணம் அவருடைய விதி. மருந்து எழுதினால்தான் பீஸ். “ஒண்ணும் இல்ல, போய் நல்லாத் தூங்குங்க” என்று அனுப்பிவிட்டால் காசு வாங்க மாட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு எதற்குக் காசு என்பது அவர் கட்சி. ஆனால் அந்த ‘ஒன்றும் இல்லை’யைச் சொல்வதற்கு முன் நாக்கைப் பார்த்து, கண்ணை இழுத்து, முதுகைத் தட்டி, போன மாதம் யாரோடு சண்டை போட்டீர்கள் என்பது வரை விசாரித்து, ஆள் குறைவான நாளில் அரைமணி நேரம்கூட எடுத்துக்கொள்வார். தூக்கம் வராதவர்கள், மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள், சும்மா பேச ஆள் இல்லாதவர்கள் எல்லாம் அங்கே போய் ஒன்றும் இல்லாமல் திரும்புவார்கள். ரொம்பச் சந்தோஷமாக.

இந்த விதியை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லும் வேலை மைக் அக்காவுடையது. டோக்கன் கொடுப்பது, பெருக்குவது, போன் எடுப்பது, நோயாளிகளின் ரகசியங்களைக் காப்பது என்று இருபத்திரண்டு வருஷமாக நாலு வேலை பார்க்கிறாள். முதல் மூன்றில் அவளைக் குறை சொல்ல முடியாது. டோக்கன் நம்பரை அவள் கூப்பிட்டால் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் தன்னையோ என்று திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல். பட்டப்பெயர் அங்கேதான் வந்தது.

எதிர்வரிசையில் கண்ணாடி டாக்டர். தோல் மருத்துவர். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே இருக்கும் குளிரில் முகப்பரு தானே பயந்து உள்ளே போய்விடும் என்பார்கள். அவர் வேறு யாரும் இல்லை, அரை மாத்திரையின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அதாவது டாக்டருக்கு மச்சான். டாக்டரின் கிளினிக் இருக்கும் கட்டடம் மாமனார் விட்டுப்போனது. அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அந்தப் ‘பொது’ என்கிற வார்த்தைதான் கண்ணாடி டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய லேசர் மெஷின் ஒன்று இடமில்லாமல் பெட்டியைப் பிரிக்காமல் கிடந்தது.

டாக்டர்கள் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டாக்டரும் அந்த வாரத்தில் தனக்குப் பிடித்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைய வருமானம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். உலகத்தில் டாக்டர் வாசனையே படாத ஊர்கள் எத்தனையோ. அங்கே வீடு வீடாக நடந்து, குழந்தைகளை எடை போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்து, காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடிக்கும் பெண்களுக்குப் பயிற்சி, பை, கருவி, சம்பளம் எல்லாம் இந்தப் பணத்தில் போகும். அப்படி ஒரு பெண்ணின் படம் டாக்டரின் காத்திருப்பு அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. முழங்கால் தண்ணீரில், தலைமேல் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நோய் இருந்தா அவனே வருவான்மா,” என்று டாக்டர் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். “வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்க வீட்ல நோய் இருக்கா’ன்னு கேக்கறது என்ன வைத்தியம்? பாத்திரம் விக்கறவன் வேலை. இருந்தாலும் குடுக்கறேன். அந்தம்மா அவ்வளவு தூரம் நடக்கறாங்களே, அந்த நடைக்கு.”

கொடுப்பது சரி. கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படிப்பார்களே, அதுதான் வம்பு. குறைந்த தொகையில் ஆரம்பித்து மேலே போவார்கள். ஆறு வருஷமாக முதலில் படிக்கப்படுவது அரை மாத்திரையின் பெயர். நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லாரும் உட்காருவதற்குள் அவர் முடிந்துபோயிருப்பார். படிப்பது சங்கச் செயலாளர். செயலாளர் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் அந்த வாரம் பிறப்பதற்கு முந்தின ஞாயிறு, டாக்டர் கிளினிக்கில் ஸ்டெதஸ்கோப்பை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுக்க மைக் அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. கண்ணாடி டாக்டரின் கார் அந்த வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

சாப்பாட்டு மேஜையில் பேச்சு சூடாக இருந்தது.

“அத்தான், போன வருஷம் உங்க பேரைப் படிக்கறப்ப எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. பின்வரிசையில யாரோ சிரிக்கறாங்க.”

“சிரிக்கட்டும் மச்சான். உடம்புக்கு நல்லது.”

“விளையாட்டு இல்ல. ஒரு நாளைக்கே இவ்வளவுதான் வரும்னா அந்த இடத்தை எதுக்குப் புடிச்சு வச்சிருக்கீங்க? யாருக்காவது நீங்க வேணுமா? அக்கா, நீயே சொல்லு.”

“நான் என்னத்தச் சொல்ல?” என்றாள் டாக்டரின் மனைவி. “இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் தம்பி. சாப்பாடு போதுமா, இன்னும் வேணுமா, அதை மட்டும் கேளுங்க.”

‘யாருக்காவது நீங்க வேணுமா’ என்பது டாக்டரைச் சுட்டுவிட்டது. தண்ணீரைக் குடித்து, டம்ளரை மெதுவாக வைத்தார்.

“சரி மச்சான். இந்த வருஷமும் என் பேரை முதல்ல படிச்சேன்னா, அங்கேயே சாவியை வாங்கிக்க. உன் மெஷினைக் கொண்டாந்து வை.”

கதவோரம் நின்ற மைக் அக்கா ஸ்டெதஸ்கோப்போடு உள்ளே போகவில்லை. அதைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தாள். அவள் வாழ்க்கையிலேயே சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அது. கிளினிக் போனால் அவள் எங்கே போவாள்? எதிரே கண்ணாடிக்குள் வேலை கிடைக்காமல் இல்லை. ஆனால் அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காதோடு காதாகத்தான் பேச வேண்டும். அப்படி ஒரு நாள் பேசினால் மைக் அக்கா மறுநாள் படுத்துவிடுவாள்.

டாக்டர் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். மைக் அக்காவுக்கு மூன்று நாள் கிடைத்தது. அவள் தொண்டைக்கு மூன்று நாள் தாராளம்.

பேக்கரியில் ஆரம்பித்தாள். “வியாழக்கெழமை எங்க டாக்டர் வாங்கற ஒவ்வொரு பைசாவும் அந்தப் படத்துல இருக்கற பொண்ணு மாதிரி ஆளுங்களுக்குப் போகுது. உடம்பு சரியில்லேன்னா அன்னிக்கு வாங்க.” பேக்கரிக்காரர் நல்ல உயரம், நல்ல அகலம், நெஞ்சைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். “எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள், அதாவது மூன்று கடைக்குக் கேட்கும் அளவுக்கு. “சரியா இருந்தாலும் வாங்க அண்ணே. இல்லேன்னா கிளினிக் போயிடும்.”

தையல்கார அக்காவிடமும் அதையே சொன்னாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடமும், இஸ்திரி போடுகிறவரிடமும், மாடி வீட்டுப் புருஷன் பெண்டாட்டியிடமும் சொன்னாள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் தெருவே வியாதியைப் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் முழங்கால்வலியை முதலிலேயே பிடித்துக்கொண்டார். தலைவலி தையல்கார அக்காவுக்கு. வயிற்றுவலிக்கு மூன்று பேர் போட்டி போட்டதில் பேக்கரிக்காரர் ஜெயித்தார். அவர் வயிற்றைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கிளினிக் வாசலில் கூட்டம். பெஞ்சு நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில்கூட ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் உள்ளே வர வழியில்லாமல் பக்கவாட்டில் நுழைந்தார்.

“என்னம்மா இது? ஊர்ல ஏதாவது தொத்து நோயா?”

“சீசன் டாக்டர்,” என்றாள் மைக் அக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டே.

முதல் டோக்கன் கணக்கு வாத்தியார். முழங்காலைப் பிடித்தபடி நொண்டி நொண்டி உள்ளே போனார்.

“எந்த முழங்கால் சார்?”

“வலது.”

“இடதுல நொண்டினீங்களே.”

வாத்தியார் ஒரு நிமிஷம் யோசித்தார். “மாறி மாறி வருது டாக்டர்.”

டாக்டர் இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். நாற்காலியில் ஏறி இறங்கச் சொன்னார். “உங்க முழங்கால் இன்னும் இருபது வருஷம் ஓடும். ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க.”

வெளியே வந்த வாத்தியார் வெறும் கையை விரித்துக் காட்டினார். சீட்டு இல்லை. சீட்டு இல்லாவிட்டால் பீஸ் இல்லை.

அப்போதுதான் மைக் அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த விதியைச் சொன்ன வாய் அவளுடையது. கூட்டம் சேர்க்கிற ஜோரில் அதுவே மறந்துபோயிருக்கிறது. நன்றாக இருக்கிறவர்களை ஊர் முழுக்கத் தேடிப் பிடித்து, நன்றாக இருந்தால் காசே வாங்காத டாக்டரிடம் வரிசையில் நிறுத்தியிருக்கிறாள்!

இஸ்திரிக்காரர் கேட்டவுடன் இருமினார், நிறுத்தச் சொன்னவுடன் நிறுத்தினார். ஒன்றும் இல்லை. மாடி வீட்டுப் பெண்டாட்டி, “இவருக்கு ராத்திரி தூக்கம் இல்ல” என்றாள். புருஷன், “இவ குறட்டை விடறா, அதான்” என்றான். உள்ளேயே சண்டை மூண்டு, இருவரும் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தார்கள். பத்தரை மணிக்குள் பதினோரு பேரைப் பார்த்தாகிவிட்டது. மேஜை டிராயரில் ஒரு பைசா இல்லை.

மைக் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“டாக்டர், அடுத்த ஆளுக்கு ஒரு சத்து மாத்திரையாவது எழுதுங்களேன்.”

“எதுக்கு?”

“அரை.”

“போம்மா வெளிய.”

பொறுமை இழந்தது வாத்தியார்தான். வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர், நேரே உள்ளே நுழைந்து பணத்தை மேஜையில் வைத்தார். “நல்ல காரியத்துக்குத்தானே டாக்டர்? புடிங்க. எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம். சும்மா காலை மடக்கி, நாக்கைப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க.”

டாக்டரின் கை நின்றது. “நல்ல காரியத்துக்குன்னா உண்டியல்ல போடுங்க சார். இது என்னோட ஒரு நாள் சம்பாத்தியம். நான் சம்பாதிக்காததை நான் எப்படிக் குடுக்கறது?” பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார். “எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கீங்களா?”

வாத்தியாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் நேரம் இருந்தது.

டாக்டர் எழுந்து காத்திருப்பு அறைக்கு வந்தார். வேலை நேரத்தில் அவர் நாற்காலியை விட்டு அந்த அறைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. முனகல்கள் எல்லாம் பட்டென்று நின்றன.

“யார் யாருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்ல? கையைத் தூக்குங்க.”

ஒரு கை பாதி எழுந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

டாக்டர் மைக் அக்காவைப் பார்த்தார். “ஏம்மா?”

அவள் குரல் எங்கேயோ அடியில் போய்விட்டிருந்தது. முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. “சாவியைக் குடுத்துடாதீங்க டாக்டர்.”

டாக்டருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. “பொய்யான நோயாளிகளை வச்சு நான் டாக்டரா இருக்கணுமா? எல்லாரும் நல்லா இருக்கீங்க. எனக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பேக்கரிக்காரர் எழுந்தார். பெரிய மனிதர் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்கிற நல்லெண்ணம். வாசலை நோக்கி நடந்தார். டக். டக். டக்.

“நில்லுங்க,” என்றார் டாக்டர். “அது என்ன சத்தம்?”

“எது?”

“உங்க கால்ல.”

பேக்கரிக்காரர் குனிந்து பார்க்க முயன்றார். வயிறு விடவில்லை. டாக்டரே தரையில் முழங்காலிட்டு அவர் வலது செருப்பைப் பிடித்துத் தூக்கினார். குதிகாலுக்கு நேர் கீழே ஆணி ஒன்று ஏறியிருந்தது. தலை வெளியே தரையில் டக் டக் என்று அடிக்க, முனை செருப்பைத் துளைத்து உள்ளே போயிருந்தது. செருப்பைக் கழற்றினால், குதிகாலில் புண். நேற்று இன்று வந்த புண் இல்லை.

“வலிக்கலையா?”

“என்ன வலி?” பேக்கரிக்காரர் சிரித்தார். “அடடா! அடுப்படியில எங்கேயோ மிதிச்சிருப்பேன்.” யாரும் கூடச் சேர்ந்து சிரிக்காததால் அவர் சிரிப்பும் நின்றது. “ஏன் டாக்டர்... வலிச்சிருக்கணுமோ?”

டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை எகிறி நின்றது. எத்தனை வருஷமாக இருக்கிறதோ, கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்புக்கு அது சொல்லவே இல்லை. இன்னும் ரெண்டு மாதம் அந்த ஆணியோடு நடந்திருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். புண்ணைக் கழுவிக் கட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும், மருந்துச் சீட்டும் எழுதினார்.

வெளியே வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். தண்ணீரில் நிற்கும் அந்தப் பெண்ணைப் புதிதாகப் பார்ப்பவர்போல ரொம்ப நேரம் பார்த்தார்.

“நோய் இருந்தா அவனே வருவான்னு முப்பது வருஷமா சொல்லிட்டிருந்தேனே,” என்றார், அந்தப் பெண்ணிடமே. “இந்த மனுஷன் நூறு அடி தள்ளி பன் சுட்டுட்டு இருந்திருக்காரு.”

திரும்பினார்.

“யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. போனவங்க எல்லாரையும் கூப்பிடும்மா. இன்னிக்கு நீங்க சொல்ற வியாதி எனக்கு வேணாம். நானே தேடிக்கறேன்.”

மைக் அக்காவுக்குத் தொண்டை திரும்பி வந்தது. வாசலில் நின்று போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெருமுனையில் பஸ் ஏறப்போன இஸ்திரிக்காரர் படியிலிருந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறது. சட்டைக் கையை மடி, விரலை நீட்டு, எடை மெஷினில் ஏறு, கண்ணைக் காட்டு. தையல்கார அக்காவுக்கு அவள் சொன்ன தலைவலி இல்லை. ரத்த அழுத்தம் இருந்தது. டாக்டர் நம்பாமல் பத்து நிமிஷம் உட்கார வைத்து, மறுபடியும் பார்த்து, மூன்றாவது தடவையும் பார்த்தார். அதே உயரம். “எப்பவாவது மயக்கமா வருமா?” என்று கேட்டதற்கு, “அது தெனமும் வரும் டாக்டர், ஊசியில நூல் கோக்கறப்ப. அது வேலைல சகஜம்தானே?” என்றாள். வாத்தியாரின் முழங்கால் முழங்காலாகவே இருந்தது. ஆனால் துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் கீழிமையை டாக்டர் இழுத்துப் பார்த்தபோது, அது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரெண்டு வருஷமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை அந்தம்மா யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் அன்றைக்கு முழுக்கக் கணக்கே பேசவில்லை.

எல்லாருக்கும் ஏதாவது இருந்தது என்று சொன்னால் அது பொய். பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. அவர்களிடம் டாக்டர் வழக்கம்போலப் பைசா வாங்கவில்லை. சந்தேகமாக இருந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னார், அதற்கும் வாங்கவில்லை. ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே! மத்தியானத்துக்குள் காத்திருப்பு அறை ஒரு பைத்தியக்காரக் கொண்டாட்டத்தில் இறங்கிவிட்டது. கதவு திறக்கும்போது கையில் சீட்டோடு யாராவது வந்தால் ஒரே கைதட்டல்.

“என்னண்ணே, சர்க்கரையா?”

“சர்க்கரை இல்லப்பா, கொழுப்பு!”

“அடி சக்கை! அது எங்க எல்லாருக்கும் தெரியுமே!”

டாக்டர் கதவைத் திறந்து அதட்டினார். “வியாதிக்குக் கை தட்டறீங்களே, உங்களுக்கு மண்டைல ஏதாவது இருக்கா?”

“அதையும் பாத்துடுங்க டாக்டர்,” என்றது ஒரு குரல். “அதுக்கும் எழுதுவீங்கள்ல?”

நாலு மணிக்கு மருந்துச் சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோனது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்து, இன்னும் ரெண்டு வருஷம் வரும் என்று நினைத்த புத்தகம். மைக் அக்கா மாதக்கணக்கில் கிழிக்க மறந்திருந்த தேதிக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். பழைய தேதிகளின் பின்பக்கத்தில் டாக்டர் எழுதினார். எழுதியதில் முக்கால்வாசி அரை மாத்திரைதான். மருந்துக்கடைக்காரர் மட்டும் அன்றைக்கு முதல் தடவையாகப் பெருமூச்சு விடவில்லை. விட நேரமில்லை.

ஆறு மணிக்கு, சங்கத்துக்கான பண உறைகளைச் சேகரிக்கும் பையோடு கண்ணாடி டாக்டர் தெருவைக் கடந்து வந்தார். அவருடைய உறை ஏற்கெனவே பையில் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குளிர்சாதனம் பழுதுபார்க்க அவர் கிளினிக் முக்கால் நாள் மூடிக் கிடந்ததைத் தெருவே பார்த்தது. தர்மம் செய்யவும் வேண்டும், கை கடிக்கவும் கூடாது. எவ்வளவு குறைந்தாலும் கீழே தாங்கிக்கொள்ள அத்தான் இருக்கிறாரே என்கிற தைரியம்.

“என்ன அத்தான், சிலிண்டர் வெடிச்ச மாதிரிக் கூட்டம்?” என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்ததில் மூச்சு வாங்கியது.

அரை மாத்திரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உக்காரு மச்சான். கையைக் குடு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“அதைத்தான் காலைலேர்ந்து எல்லாரும் சொல்றாங்க.”

கருவியின் பட்டை கையை இறுக்கியது. அறை முழுவதும் எட்டிப் பார்த்தது. ஒருமுறை. பத்து நிமிஷம் விட்டு மறுமுறை. மூன்றாம் முறை பார்த்துவிட்டு டாக்டர், திங்கட்கிழமைத் தேதித்தாளைக் கிழித்துத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

“ரெண்டு வருஷமாவது இருக்கும் மச்சான். உன் அக்காவுக்குத் தெரிஞ்சா அழுவா. காலைல அரை மாத்திரை. மெஷினைப் பத்தி நெனைக்கறதையும் பாதியாக் குறை.”

கண்ணாடி டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் மைக் அக்கா கையை நீட்டினாள்.

“பீஸ்.”

“நானும் டாக்டர்மா! டாக்டருக்கு டாக்டர் பீஸ் வாங்கறதில்ல.”

“அது உங்க கடையில. இங்க ஒரே விதிதான்.” அவள் சீட்டைத் தட்டிக் காட்டினாள். தெருமுனை வரை கேட்டது. “எழுதியிருக்கு!”

கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மைக் அக்கா தனியாக வரவில்லை. காலில் கட்டோடு பேக்கரிக்காரர், தையல்கார அக்கா, வாத்தியார், அவர் மனைவி எல்லாரும் பின்வரிசையை அடைத்துக்கொண்டார்கள். டாக்டரின் மனைவி புருஷனுக்கும் இல்லாமல் தம்பிக்கும் இல்லாமல் நடுவில் ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். டாக்டரின் சட்டைப்பையில் சாவி இருந்தது. அவர் அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உறைகளைப் பிரிப்பது பொருளாளர் வேலை. படிப்பதுதான் செயலாளர் வேலை. பொருளாளர் தாளை நீட்டும்போது இருமினார். கண்ணாடி டாக்டர் ஒலிபெருக்கி முன் நின்று, தாளைப் பிரித்து, வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

முதல் பெயராக, தன் பெயரையே படித்தார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் படித்துக்கொண்டே போனார். பல் டாக்டர், கண் டாக்டர், எலும்பு டாக்டர்... அரை மாத்திரையின் பெயர் வரவில்லை. மைக் அக்கா விரல் விட்டு எண்ணினாள், கை விரல் தீர்ந்து பக்கத்திலிருந்த வாத்தியாரின் விரல்களை இரவல் வாங்கினாள். அப்போதும் வரவில்லை. இன்னும் நாலு பேர்தான் பாக்கி என்கிறபோது வந்தது.

“அப்பாடா!” என்றாள் மைக் அக்கா. அன்றைக்கு ஒலிபெருக்கி எதற்கு வைத்தார்கள் என்று கூட்டமே நினைத்துக்கொண்டது. பின்வரிசை எழுந்து நின்றது. வியாழக்கிழமை கேட்ட அதே கைதட்டல். முன்வரிசை டாக்டர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, கட்டுப்போட்ட காலோடு நின்று தட்டும் பேக்கரிக்காரரைப் பார்த்து, விஷயத்தை விசாரித்து, அவர்களும் எழுந்தார்கள். டாக்டரின் மனைவி நடு நாற்காலியிலிருந்து எழுந்து புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போகிற வழியில் தம்பியைப் பார்த்து, “மாத்திரை போட்டியாடா?” என்று கேட்கவும் தவறவில்லை.

கூட்டம் முடிந்து டாக்டர் சாவியை எடுத்து மைக் அக்காவின் கையில் வைத்தார்.

“நாளைக்கு எட்டு மணிக்குத் திறம்மா. பதினோரு மணிக்குப் பூட்டிடலாம்.”

“ஏன் டாக்டர்? எங்க போறோம்?”

“கதவு தட்ட. பின்தெருவுல ஆரம்பிக்கலாம். நான் அளக்கறேன், நீ கூப்பிடு. அந்தப் படத்துல இருக்கறவளுக்கு நாம பணம் மட்டும் அனுப்பினாப் போதுமா?”

லேசர் மெஷின் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கண்ணாடி டாக்டர் காலையில் மாத்திரையை இரண்டாக உடைப்பதைத் தெருவே நின்று பார்க்கிறது. கண்ணாடி வைத்தது அவர்தானே, யாரைக் குறை சொல்ல? பேக்கரிக்காரர் செருப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறார். வாத்தியாரின் மனைவி மாடிப்படி ஏறிவிட்டு மேலிருந்து புருஷனைக் கூப்பிடுகிறாள், கீழே நின்று அவருக்கு மூச்சு வாங்குகிறது.

மைக் அக்காவின் குரல் தெருமுனையில் கேட்டால் போதும். இப்போதெல்லாம் யாரும் வயிற்றையோ முழங்காலையோ பிடித்துக்கொள்வதில்லை. அவரவர் வேலையை நிறுத்தாமலே இடது கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.